நாகராஜன் வீட்டில் லினக்ஸ்

அக்டோபர் மாதத்தோடு பழைய கம்ப்யூட்டர் எல்லாம் தானாக அணைந்துவிடும் என்ற சேதி மெல்போர்னில் இருக்கும் டார்னெய்ட்டுக்குச் சிட்னியிலிருந்துதான் வந்தது. சிட்னி குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கும், நாகராஜன் மனைவி சந்திரகலாவின் தங்கை பார்கவிக்கு அதைப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். அவருக்கு அவர் ஆபீஸில் யாரோ சொன்னார்களாம். அந்த யாரோவின் மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டர் ஏற்கெனவே ஒருநாள் காலையில் உயிரை விட்டுவிட்டதாம், உள்ளே இருந்த பேரன் போட்டோ அத்தனையும் போச்சாம். பார்கவி இதை வாட்ஸப்பில் அக்காவுக்கு மூச்சுவிடாமல் பேசி அனுப்பினாள். சந்திரகலா அதைத் தமிழ்ப் பள்ளி வாசலில் நாலு பேருக்குச் சொன்னாள். அடுத்த வாரம் மளிகைக் கடையில் கறிவேப்பிலை பொறுக்கிக்கொண்டிருந்தபோது அதே சேதி, கூடக் கொஞ்சம் மசாலாவோடு, அவளிடமே திரும்பி வந்தது. இப்போது பேங்க் கணக்கும் சேர்ந்து அணைவதாக இருந்தது.

"நான் சொன்னதையே எங்கிட்ட வந்து சொல்றா அந்தப் பொம்பளை," என்றாள் சந்திரகலா, பையைச் சமையல் மேடையில் வைத்துக்கொண்டே. "நெசமா இல்லையா, முதல்ல அதச் சொல்லுங்க."

நாகராஜன் சிரித்தார். "அணையாது கலா. விண்டோஸ் பத்துக்கு இனிமே பாதுகாப்பு அப்டேட் வராது, அவ்வளவுதான். வீட்டுக்குப் பூட்டு இருக்கும், பூட்டு கெட்டுப்போனா பார்க்க ஆள் வர மாட்டான்."

"அப்ப அணையும்னே வெச்சுக்கலாமே."

"வெச்சுக்கோ. அப்பத்தான் ஜனங்களுக்கு லினக்ஸ் ஞாபகம் வரும்."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சந்திரகலா பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

நாகராஜனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சன்ஷைன் பக்கம் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிக்கும் டெக்னீஷியன். நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து ஏற்றும் பம்ப், இதயத் துடிப்பைக் காட்டும் திரை, இவைதான் அவர் உலகம். கோயம்புத்தூரில் டிப்ளமா முடித்துவிட்டுச் சென்னையில் மருத்துவக் கருவி விற்கும் நிறுவனம் ஒன்றில் இருந்த காலத்தில், அவர் கைக்கு வந்த பம்ப் எதுவும் திறக்கப்படாமல் திரும்பிப் போனதில்லை. பிரித்து மேய்ந்து, தேய்ந்த பல்சக்கரத்தை மாற்றி, ஓடவிட்டுப் பார்த்துத்தான் அனுப்புவார். மெல்போர்ன் வந்தபின் அது நின்றுபோனது. இங்கே புதுக் கருவிகளைத் திறக்கக் கூடாது. திறந்தால் உத்தரவாதம் போய்விடும் என்று அதன் வாயில் ஒரு வெள்ளி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நாகராஜன் செய்ய வேண்டியது, கருவியைச் சோதிப்பது, சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டுவது, கம்பெனி ஆள் வரும்வரை அலமாரியில் வைப்பது. அந்த ஆள் வந்து, இவர் முதல் நாளே ஊகித்த அதே பாகத்தை மாற்றிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போவான். நல்ல பையன்தான். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"அட்டை கட்டவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்?" என்று முதல் சில வருஷம் சந்திரகலாவிடம் கேட்டிருக்கிறார். பிறகு கேட்பதை விட்டுவிட்டார். டார்னெய்ட்டில் வீடு எழும்பியது, சம்பளம் பிசகாமல் வந்தது, காலையில் ரயிலில் நின்றுகொண்டே போகப் பழகியது. விட்டுவிட்டார் என்றுதான் சந்திரகலா நினைத்தாள்.

வீட்டில் அவருக்குத் திறக்கக் கிடைத்தது லினக்ஸ் ஒன்றுதான். விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரை ஓட்டுகிற, யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் உள்ளே பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவைத்திருக்கிற சமாச்சாரம். சென்னையில் ஒரு நண்பர் கொடுத்த சிடியில் தொடங்கியது. டார்னெய்ட் வீட்டில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதுவே ஓடியது. சந்திரகலா சீரியல் பார்ப்பதும் அதில்தான், கரண்ட் பில் கட்டுவதும் அதில்தான், ஊருக்கு முகம் பார்த்துப் பேசுவதும் அதில்தான். "நடுவுல எதுவும் வந்து குதிச்சு, இத வாங்கு அத வாங்குன்னு கேக்கறதில்ல," என்பது அவள் கொடுத்த நற்சான்றிதழ். பிரிண்டர் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அன்றைக்கு நாகராஜனுக்குச் சாப்பாடு தாமதமாகும்.

மற்ற வீடுகளில் விருந்தாளி வந்தால் பிள்ளைகளைப் பாடச் சொல்வார்கள், இல்லாவிட்டால் ஆடச் சொல்வார்கள். நாகராஜன் வீட்டில், "தேஜு, அங்கிளுக்கு டெர்மினலைக் காட்டும்மா," என்பார். அப்போது எட்டு, பத்து வயசான மகள் தேஜஸ்வினி, இரட்டைப் பின்னலோடு வந்து உட்கார்ந்து, கறுப்புத் திரையில் கடகடவென்று கட்டளைகளை அடிப்பாள். எழுத்துகள் அருவி மாதிரி கொட்டும். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். "இந்த வயசுலயேவா?" என்பார்கள். நாகராஜன் காப்பியை ஆற்றுவார். அந்த ஆற்றலிலேயே எல்லாம் இருக்கும்.

சிட்னி வதந்தி அவருக்கு ஒரு வசந்த காலத்தைக் கொண்டுவந்தது. சனி ஞாயிறுகளில் காரை வெளியே நிறுத்திவிட்டு கராஜில் மடக்கு மேசை போட்டு உட்கார்ந்தார். பழைய லேப்டாப்புகள் வந்தன, தூசி படிந்த பெட்டிகள் வந்தன. பென்டிரைவைச் செருகுவார், உள்ளே இருக்கும் போட்டோக்களை முதலில் வேறு இடத்தில் பத்திரப்படுத்துவார், அப்புறம்தான் விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸை இறக்குவார். காசு வாங்க மாட்டார். மசால் வடை வந்தால் மறுக்க மாட்டார்.

இரண்டு தெரு தள்ளி இருக்கும் மீரா சாஹிபு ஒரு கனமான பெட்டியை டிராலியில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். இலங்கைக் கல்முனைக்காரர், வேலையிலிருந்து ஓய்வு பெற்று மனைவி சாரா உம்மாவோடு இருப்பவர்.

"தம்பி, இது மகள் விட்டுட்டுப் போன மெஷின். சாரா உம்மா இதிலதான் பேரப் பிள்ளையளோட கதைக்கிறவ. அக்டோபர்ல சாகும் எண்டு சொல்றாங்க. காப்பாத்திக் குடுங்க."

"சாகாதுண்ணே. உயிரோட இருக்கும்போதே ஆபரேஷன் பண்ணிடலாம்."

மறுவாரம் மீரா சாஹிபு வட்டிலப்ப இனிப்பு நிறைந்த கிண்ணத்தோடு வந்தார். "அவக்கு ஒரு வித்தியாசமும் தெரியல்ல தம்பி. ஸ்கிரீன்ல படம் மட்டும் பச்சையா மாறியிருக்கு எண்டா. முந்தியை விட வேகமாம். நீங்க செஞ்சது பெரிய உதவி."

அந்த வசந்தத்தில்தான், பத்து வேலையில் பதினொன்றாக, நாகராஜன் தன் மகளின் லேப்டாப்பையும் எடுத்தார்.

தேஜஸ்வினி பார்மஸி இரண்டாம் வருஷம். பள்ளியில் வாங்கிய லேப்டாப். விண்டோஸ் பதினொன்று அதில் ஏறாது. புதுசு வாங்கலாம் என்று அவள் சொன்னாள்.

"இதுக்கு என்னம்மா குறை? நல்ல ஸ்கிரீன், நல்ல கீபோர்டு. இதைக் குப்பையில போடச் சொல்றான், நீயும் சரிங்கறியே."

"அப்பா, யூனில எல்லாரும் நார்மல் லேப்டாப் வெச்சிருக்காங்க."

"இது அப்நார்மலா?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். அவள் சண்டை போடுகிற ரகம் இல்லை. இரண்டு நாள் கழித்து லேப்டாப் லினக்ஸோடு அவள் மேசைக்குப் போனது. பாடக் குறிப்பு எழுத, வகுப்பு வீடியோ பார்க்க எல்லாவற்றுக்கும் சரியாகத்தான் இருந்தது. அதை அவளே ஒப்புக்கொண்டாள். அவர் அதை இரண்டு பேரிடம் சொன்னார்.

நவம்பர் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்பு அவள் கராஜ் வாசலில் வந்து நின்றாள். பரீட்சை வீட்டிலிருந்தே எழுதுவது. கேமரா வழியாகக் கண்காணிக்கிற மென்பொருள் ஒன்றை இறக்கிக்கொள்ள வேண்டும். அது விண்டோஸிலும் மேக்கிலும்தான் ஓடும்.

"என் ஃப்ரெண்ட் ஒருத்தி அவளோட பழைய மேக்கைக் குடுக்கறேன்னு சொல்லிட்டாப்பா. நாளைக்குப் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

நாகராஜன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். பின்னால் மேசையில் ஏழெட்டுக் கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன.

"இத்தனை மெஷினை வெச்சுக்கிட்டு என் பொண்ணு அடுத்த வீட்டுல போய் லேப்டாப் கேட்டு நிக்கணுமா?"

"கேட்டு நிக்கல. அவளேதான் குடுக்கறா. லைப்ரரில கூட லோன் தருவாங்க."

"வேண்டாம். நான் பண்ணித் தர்றேன்."

"ஓடாதுன்னு போட்டிருக்காங்கப்பா."

"ஓடாதுன்னுதான் எல்லாத்துக்கும் போட்டிருப்பான். நீ போய்ப் படி."

"ஷ்யூரா?" என்று கேட்டாள். "அப்பா சொல்றேன் இல்ல?" என்றார் அவர். அவள் தோழிக்கு வேண்டாம் என்று செய்தி அனுப்பிவிட்டாள்.

அவர் செய்தது இதுதான். லினக்ஸுக்குள்ளேயே ஒரு போலிக் கம்ப்யூட்டரை உண்டாக்கலாம். வர்ச்சுவல் மெஷின் என்பார்கள். அதற்குள் விண்டோஸைக் குடிவைத்தால், தான் நிஜமான கம்ப்யூட்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டு அது சமர்த்தாக ஓடும். நாகராஜன் அதை உண்டாக்கினார், பரீட்சை மென்பொருளை அதற்குள் இறக்கினார். அது ஏமாறவில்லை. போலிக் கம்ப்யூட்டரில் இயங்க மாட்டேன் என்று ஒரு வரி காட்டிவிட்டு மூடிக்கொண்டது.

வேறொருவராக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார். நாகராஜனுக்கு அந்த வரி, பம்ப்பின் வாயில் ஒட்டிய வெள்ளி ஸ்டிக்கராகத்தான் தெரிந்தது. ஏன் கூடாது என்று அவர் கேட்டுப் பார்க்கவில்லை. இணையத்தில் தேடினார். போலியைப் போலி என்று காட்டிக்கொடுக்கிற அடையாளங்களை மறைக்க நாலைந்து வரி மாற்றினால் போதும் என்று ஒருவன் எழுதி வைத்திருந்தான். மாற்றினார். மென்பொருள் திறந்தது, கேமரா எரிந்தது. மருத்துவமனையில் வருஷக்கணக்காகக் கிடைக்காத ஒரு நிறைவு அவருக்குள் வந்து உட்கார்ந்தது.

"ரெடி," என்றார் மகளிடம். "இந்த ஐகானைத் தட்டு, விண்டோஸ் வந்துடும். மத்ததெல்லாம் வழக்கம்போல."

"என்ன பண்ணீங்க?"

"சின்ன செட்டிங்தாம்மா."

மாதிரிப் பரீட்சை ஓடியது. நிஜப் பரீட்சையும் ஓடியது. அவள் நன்றாக எழுதியிருப்பதாகச் சொன்னாள். அன்றைக்குச் சந்திரகலா கேசரி கிண்டினாள்.

பல்கலைக்கழகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது அதற்கு அப்புறம். கண்காணிப்பைத் தவிர்க்கும் நோக்கத்தோடு கணினியின் அடையாளம் வேண்டுமென்றே மறைக்கப்பட்டிருக்கிறது, பரீட்சை ஒழுங்கீனம் என்று சந்தேகிக்கிறோம், விசாரணைக்கு வரவும். தேஜஸ்வினி அதைச் சமையலறையில் நின்றபடி இரண்டு முறை படித்தாள். பிறகு போனை அப்பாவிடம் நீட்டினாள்.

"சின்ன செட்டிங்னு சொன்னீங்களே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

போலிக் கம்ப்யூட்டருக்குள் பரீட்சை ஓடினால், வெளியே இருக்கிற நிஜக் கம்ப்யூட்டரில் எழுதுகிறவர் எதை வேண்டுமானாலும் திறந்துவைத்துப் பார்த்து எழுதலாம். கேமராவுக்குத் தெரியாது. அதற்காகத்தான் கூடாது என்கிறார்கள். இவ்வளவு எளிய காரணம் அப்போதுதான் நாகராஜனுக்கு உறைத்தது. பார்த்து எழுதுவது என்ற எண்ணமே அந்த வீட்டில் யாருக்கும் வந்ததில்லை. அதனால்தான் அவருக்குத் தோன்றவில்லை. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

மாணவர்களுக்கு உதவுகிற ஆலோசகர் ஒருத்தி, அப்பாவே வந்து சொன்னால் நல்லது என்றாளாம். தேஜஸ்வினிக்கு அவரைக் கூட்டிப்போக விருப்பம் இல்லை.

"நீங்க வந்தா அவங்களுக்கு லினக்ஸ் கிளாஸ் எடுப்பீங்க."

"எடுக்க மாட்டேன்மா."

"ரெண்டே வரி. நான்தான் பண்ணேன், அவளுக்குத் தெரியாது. அதோட நிறுத்திடணும். ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

விசாரணை வீடியோவில்தான் நடந்தது. சாப்பாட்டு மேசையில் சந்திரகலாவின் மடிக்கணினி முன்னால் அப்பாவும் மகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். நாகராஜன் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். திரையில் மூன்று பேர். தலைமை தாங்கியவர் நரைமுடி, வட்டக் கண்ணாடி, மிக மரியாதையான குரல். அந்த மரியாதைதான் நாகராஜனை ஏமாற்றியது. எதிரில் இருப்பது விசாரணை என்பது மெல்ல மெல்ல மறந்து, வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி அவருக்குப் படத் தொடங்கியது.

அவர் இரண்டு வரியையும் சரியாகச் சொன்னார். நான்தான் செய்தேன். அவளுக்குத் தெரியாது. மேசைக்கு அடியில் தன் மணிக்கட்டைப் பிடித்திருந்த மகளின் கை தளர்ந்ததைக் கூட உணர்ந்தார்.

"நன்றி," என்றார் அந்த அம்மாள் ஆங்கிலத்தில். "ஒரே ஒரு கேள்வி. உங்கள் மகளுக்கு இந்த மாதிரி விஷயங்களில் பழக்கம் இல்லை என்றுதானே சொல்கிறீர்கள்? லினக்ஸ், வர்ச்சுவல் மெஷின், இதெல்லாம் அவருக்குப் புரியாது?"

ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் படித்த மூன்று பேர் முன்னால், தன் மகளுக்குப் புரியாது என்று அவர் வாயால் எப்படிச் சொல்வது? மற்ற எந்தப் பழியையும் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். இந்தக் கேள்வி அவருக்குப் பழியாகப் படவில்லை. பிள்ளையைக் குறைத்துப் பேசுகிறார்கள் என்று பட்டது.

"இல்லை, இல்லை, அவள் கெட்டிக்காரி," என்றார். "பத்து வயதிலேயே டெர்மினலில் எல்லாக் கட்டளையும் அடிப்பாள். நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள்."

திரையில் மூன்று பேரும் குனிந்து ஏதோ எழுதினார்கள். நாகராஜன் இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொன்னார். அவர்கள் தடுக்கவில்லை.

அழைப்பு முடிந்து திரை இருண்டதும் அவர் மூச்சை விட்டார். "நல்லாத்தானே போச்சு?"

தேஜஸ்வினி மடிக்கணினியை மூடினாள்.

"அப்பா, இதெல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நான் எழுதிக் குடுத்திருக்கேன்."

"ஏம்மா அப்படி எழுதினே? உனக்குத்தான் தெரியுமே."

"எனக்குத் தெரியாதுப்பா." குரல் உயரவே இல்லை. "சின்ன வயசுல நீங்க சொன்னத டைப் பண்ணேன். என் ஃப்ரெண்ட் ஆதிரா வீட்டுல அவ பாட்டு பாடுவா இல்ல, சான்ஸ்கிரிட்ல, ஒரு வார்த்தை அர்த்தம் தெரியாம? அது மாதிரி. யாராவது வந்தா அடிக்கணும், நீங்க சந்தோஷப்படுவீங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

சமையலறை வாசலில் நின்றிருந்த சந்திரகலா கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க ஈரம் ஒன்றும் இல்லை.

முடிவு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வந்தது. தகப்பனார் கூறியதும் மாணவி எழுதிக் கொடுத்ததும் முரண்படுகின்றன, மாணவி உண்மை கூறியதாகக் கொள்ள இயலவில்லை. அந்தப் பாடத்தில் தோல்வி. அடுத்த அரையாண்டு இடைநீக்கம். பார்மஸிஸ்ட்டாகப் பதிவு செய்யப் போகும்போதும் இதைச் சொல்லியாக வேண்டும்.

அவள் அழுததை நாகராஜன் பார்க்கவில்லை. சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். பார்கவிக்கு ஏற்கெனவே போன் செய்து சொல்லியாயிற்று. கிளம்புகிற அன்று நாகராஜன் பெட்டியைக் காருக்குத் தூக்கிப் போனார். கனமாக இருந்தது. லேப்டாப்பும் உள்ளே இருக்கும் என்று எண்ணிக்கொண்டார். ஏர்போர்ட்டுக்குச் சந்திரகலாதான் ஓட்டினாள். "வர்றேன்பா," என்றாள் தேஜு. ஜன்னல் கண்ணாடி ஏறிவிட்டது. உள்ளே வந்து பார்த்தால், லேப்டாப் அவள் கட்டிலில், சார்ஜர் சுற்றி வைத்து, போர்வை மேல் இருந்தது.

கராஜுக்கு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். விஷயம் வெளியே தெரியாது. மீரா சாஹிபு, சாரா உம்மா இப்போது தானே எல்லாப் பொத்தானையும் அமத்திப் பார்க்கிறாள் என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். அதுவும் உண்மைதான், அதில் சந்தோஷப்பட நாகராஜனால் முடியவில்லை என்பது வேறு. பக்கத்து வெரிபீயிலிருந்து சுதர்சன் என்று ஒருவர் கைக்குழந்தையைத் தோளில் போட்டபடி லேப்டாப்போடு வந்தார்.

"லினக்ஸ் போட்டா லாபமா சார்? நீங்க சொன்னா போட்டுடுவேன்."

முன்பெல்லாம் இந்தக் கேள்விக்கு அவரிடம் முக்கால் மணி நேரத்துக்குப் பதில் இருந்தது.

"வீட்டுல இத வேற யாரெல்லாம் தொடுவாங்க?"

"ஒய்ஃப். ஏஜ்ட் கேர், வயசானவங்களப் பார்த்துக்கற கோர்ஸ் படிக்கறா, ஆன்லைன்ல."

"அவங்களக் கேட்டீங்களா?"

"அவளுக்கு இதெல்லாம் தெரியாது சார். நான் சொன்னா சரிம்பா."

நாகராஜன் லேப்டாப்பை மூடி அவரிடமே கொடுத்தார். "கோர்ஸ் முடியட்டும். அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டும். இன்னும் ஒரு வருஷத்துக்கு அப்டேட் வாங்கிக்க வழி இருக்கு, அத வேணா செஞ்சு தர்றேன்."

சுதர்சனுக்கு ஏமாற்றம். இந்த மனுஷரைப் பற்றி வேறு மாதிரி அல்லவா கேள்விப்பட்டிருந்தார்.

மேல்முறையீடு செய்யலாம் என்று முடிவுக் கடிதத்தின் கடைசியில் ஒரு பத்தி இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிவரை நேரம். சந்திரகலா அந்த ஆலோசகரோடு பேசினாள். அப்பா தான் சொன்னதைத் திருத்தி, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுத்தால் ஒரு வாய்ப்பு உண்டாம். ஆனால் அதைச் சேர்த்து அனுப்ப வேண்டியவள் மாணவிதான். அவள் கணக்கிலிருந்து, அவள் கையொப்பத்தோடு.

"விடும்மா, போதும்," என்று தேஜஸ்வினி அம்மாவிடம் சொல்லிவிட்டாள். "திரும்ப அவங்க முன்னாடி போய் நிக்க என்னால முடியாது."

நாகராஜன் எழுதினார். படிவம் லினக்ஸில் சுத்தமாகத் திறந்தது. அடித்து அடித்து எழுதினார். முதல் தடவை எழுதியதில் லினக்ஸ் பற்றி ஒரு பத்தி வந்துவிட்டது. எடுத்தார். தன் மேல் பழி போட்டு எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. கடினமாக இருந்தது ஒரே ஒரு வாக்கியம். என் மகளுக்கு இது தெரியாது, தெரியும் என்று நான் சொன்னது என் ஆசை. 'ஆசை' என்பதற்கு ஆங்கிலத்தில் எதைப் போடுவது என்று வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சொல்லும் அவரைக் கொஞ்சம் நல்லவராகக் காட்டியது. கடைசியில், 'நான் சொன்னது உண்மையல்ல' என்று எழுதினார்.

சந்திரகலா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். "இப்படி அன்னிக்கே சொல்லியிருக்கலாம்," என்றாள். பிறகு, அது அதிகமாகிவிட்டது என்று பட்டதோ என்னவோ, அவர் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்தாள். "அனுப்புங்க அவளுக்கு."

அனுப்பினார். வாட்ஸப்பில் இரண்டு சாம்பல் டிக் விழுந்தது. நீலமாகவில்லை. வெள்ளிக்கிழமை வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். மதியம் வரை பார்த்துவிட்டு பார்கவியைக் கூப்பிட்டார்.

"இங்கதான் இருக்கா மாமா. மேல ரூம்ல," என்றாள் பார்கவி. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "சாப்பிடறா, எங்கூட கடைக்கு வர்றா, எல்லாம் நார்மலாத்தான் இருக்கா. உங்க பேச்சு எடுத்தா மட்டும் எழுந்து போயிடறா."

"நான் ஒண்ணு அனுப்பியிருக்கேன். படிக்கச் சொல்றியா? அஞ்சு மணிக்குள்ள."

"நான் சொன்னேன் மாமா. அக்காவும் சொல்லிட்டா. நாங்க சொல்றது வேற. நீங்களே ஒரு தடவை கூப்பிடுங்க. ஃபோன் அவ பக்கத்துலதான் இருக்கு, சைலன்ட்ல இல்ல, நான் இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன்."

வெளியே டார்னெய்ட் வெயில் தெருவைச் சுட்டுக்கொண்டிருந்தது. சந்திரகலா எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். நாகராஜன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், நேரம் இருந்தது. என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தார். படிச்சியாம்மா என்று தொடங்கலாம். அது கேள்வி, அவள் இல்லை என்றால் முடிந்துவிடும். மன்னிச்சுக்கோ என்று தொடங்கலாம். அதற்கு அவள் இட்ஸ் ஓகே அப்பா என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். நீ சொன்னதுதான் சரி, உனக்குத் தெரியாதுன்னு எழுதியிருக்கேன், அப்படியே எழுதியிருக்கேன். இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எடுத்தவுடனே, ஹலோ சொல்வதற்கு முன்னாலேயே.

"என்ன யோசிக்கறீங்க, போடுங்க," என்றாள் சந்திரகலா.

மகளின் பெயரைத் தொட்டார். போனைக் காதில் வைக்காமல் மேசை மேல் வைத்து, ஸ்பீக்கரை அழுத்தினார். குவேக்கர்ஸ் ஹில்லில், மாடி அறையில், மணி அடிக்கத் தொடங்கியது. ஒருமுறை அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முதல் வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார், அது இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.